சாயக்காரரின் கை

தக்கை அங்கே இருந்ததற்கு ஒரே காரணம் தூசி.

மூன்றடி ஐந்து அங்குல நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். குறுக்களவு 1.2 அங்குலம். உலர்ந்த கையால் பரபரவென்று தேய்த்தால் இறகு, காகிதத் துணுக்கு, மெல்லிய பித்தளைத் தகடு எல்லாவற்றையும் இழுக்கும். உள்ளே தூசி புகுந்துவிட்டால் இழுவை மந்தமாகிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் இரண்டு வாயிலும் தக்கையை அடைத்து வைப்பார்கள். 1729 பிப்ரவரியில் லண்டனில் ஒரு தரும விடுதியின் அறைக்குள், ஸ்டீபன் கிரே என்ற 62 வயதுக்காரருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. தக்கை இருந்தால் ஒரு மாதிரியும் இல்லாவிட்டால் வேறு மாதிரியும் இழுக்குமோ? பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. குழாயை மூலையில் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் முனைக்கு அருகே அவர் பிடித்திருந்த இறகு குழாயிடம் போகவில்லை. தக்கையிடம் போனது. ஒட்டியது, விலகியது, மறுபடி ஒட்டியது.

தக்கையை யாரும் தேய்க்கவில்லை.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று இன்றைக்குத் தோன்றலாம். அந்தக் காலத்து ஆட்களின் தலைக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும். 1600இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் கில்பர்ட் ஒரு பட்டியல் போட்டிருந்தார்: அம்பர், கண்ணாடி, கந்தகம், அரக்கு இவற்றைத் தேய்த்தால் இழுக்கும், இரும்பையும் வெள்ளியையும் எவ்வளவு தேய்த்தாலும் இழுக்காது. அதற்கடுத்த 130 வருஷமும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். இழுக்கும் குணம் அந்தந்தப் பொருளுக்குச் சொந்தம், மிளகாயின் காரம் மிளகாய்க்குச் சொந்தம் என்பது போல. மிளகாய்ப் பானையை மூடியிருந்த தட்டை நக்கிப் பார்த்தபோது தட்டே காரமாக இருந்தால் எப்படியிருக்கும்? கிரேவுக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ரொம்பவே வியந்துபோனதாக அவரே எழுதியிருக்கிறார்.

இவருடைய பெயரை நான் பள்ளியில் கேட்டதில்லை. நிலைமின்சாரம் என்ற பாடம் இருந்தது. ஆய்வகத்தில் கண்ணாடித் தண்டு, பட்டுத்துணி, நெட்டிப் பந்து எல்லாம் அலமாரியிலிருந்து வெளியே வந்தன. பந்து அசையவே இல்லை. மழைக்காலம். காற்றில் அத்தனை ஈரம் இருக்கும்போது எந்தத் தண்டில் என்ன தங்கும்? வாத்தியார் நாலு தடவை தேய்த்துவிட்டு, "பந்து ஈர்க்கப்பட்டதுன்னு எழுதிக்கோங்கப்பா" என்றார். எழுதிக்கொண்டோம். பத்துக்குப் பத்து மார்க்கும் வாங்கினேன். நடக்காததை நடந்ததாக எழுதி வாங்கிய அந்தப் பத்து மார்க் இந்தக் கட்டுரையின் கடைசியில் மறுபடி ஞாபகத்துக்கு வரும்.

கிரேயைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது மின்சாரம் இல்லை. அவர் சாயக்காரர் என்ற ஒரு வரி. எங்கள் பெரியப்பா ஈரோட்டுப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். முழங்கை வரை ஒரு நாள் பச்சை, ஒரு நாள் அரக்குச் சிவப்பு. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் நகக்கண்ணில் நீலம் தங்கியிருக்கும். எங்கள் வீட்டில் யாராவது நூலை அவர் கையில் கொடுத்தால், பேசிக்கொண்டே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். எத்தனை ஈரம் இருக்கிறது, கஞ்சி ஏறியிருக்கிறதா, எந்த இடத்தில் அறும் என்பதெல்லாம் அந்த உருட்டலில் தெரிந்துவிடும். கண்ணால் பார்க்கவே மாட்டார். கிரேயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு விரல்கள்தான் கண் முன்னால் வரும். கிரேவுக்கு உருவப்படம் எதுவும் கிடையாது; அதனால் இந்தக் கற்பனையை யாரும் ஆட்சேபிக்க முடியாது.

கேன்டர்பரி ஊர்க்காரர். 1666 டிசம்பர் 26ஆம் தேதி ஞானஸ்நானம். அப்பாவும் சாயத்தொழில். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. பகலில் சாயத்தொட்டி, ராத்திரியில் வானம் என்று வாழ்ந்தவர். சூரியப் புள்ளிகளையும் கிரகணங்களையும் பார்த்துக் குறித்து, கிரீனிச் வானாய்வகத்தின் ஜான் ஃபிளாம்ஸ்டீடுக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1696இல் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தின் இதழில் இவருடைய முதல் கட்டுரை வந்தது. பித்தளைத் தகட்டில் சின்ன ஓட்டை போட்டு, அதில் ஒரு சொட்டுத் தண்ணீரை நிறுத்தி, அந்தச் சொட்டையே லென்ஸாக வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கி. நுண்ணோக்கிக்குப் பேர்போன டச்சுக்காரர் லீவன்ஹூக் போல மணிக்கணக்கில் கண்ணாடி தேய்க்க நேரமோ காசோ இல்லாதவர் செய்யும் வேலை. அதுவும் அழுக்குத் தண்ணீராக இருந்தால் சொட்டுக்குள்ளேயே நெளியும் ஜந்துக்கள் பெரிதாகத் தெரிந்தன. பார்க்கும் கருவியும் பார்க்கப்படும் பொருளும் ஒன்றே. இந்த ஒரு சாதனத்துக்காகவே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் ரோஜர் கோட்ஸ் புதிதாக அமைத்துக்கொண்டிருந்த வானாய்வகத்துக்கு 1707 வாக்கில் உதவிக்குப் போனார். அது சரிப்படவில்லை; திரும்பி வந்து மறுபடி தொட்டியில் கையை விட்டார். 1708இல் மின்சாரம் பற்றி ஹான்ஸ் ஸ்லோனுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். ஸ்லோன் அப்போது ராயல் சொசைட்டியின் செயலாளர். கடிதம் அச்சாகவில்லை. 20ஆம் நூற்றாண்டில்தான் அதைத் தோண்டியெடுத்து வெளியிட்டார்கள். ஃபிளாம்ஸ்டீடுக்கு நண்பர் என்பதால் நியூட்டன் இவரை ஒதுக்கி வைத்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நியூட்டனுக்கும் ஃபிளாம்ஸ்டீடுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அந்தக் கதையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். கேன்டர்பரியில் கையில் சாயத்தோடு நிற்கும் ஒருவரை ஒதுக்க நியூட்டன் மெனக்கெட வேண்டுமா என்ன? யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதுமே.

நடுவில் முதுகு போய்விட்டது. தொட்டியிலிருந்து ஈரத்துணியைத் தூக்கும் வேலையில் முதுகு போனால் பிழைப்பும் போயிற்று. லண்டனில் ஜான் டெசாகுலியே என்ற பேர்பெற்ற சோதனை விரிவுரையாளர் வீட்டில் உதவியாளராகக் கொஞ்ச காலம். ஒருவழியாக 1719இல் சார்ட்டர்ஹவுஸில் இடம் கிடைத்தது. பழைய கார்த்தூசிய மடத்தில் தாமஸ் சட்டன் என்ற செல்வந்தர் 1611இல் ஏற்படுத்திய தரும விடுதி அது. நொடித்துப்போன கண்ணியஸ்தர்கள், வயதான போர்வீரர்கள், கடற்கொள்ளையில் சரக்கைப் பறிகொடுத்த வியாபாரிகள் என்று 80 பேருக்குச் சாப்பாடும் அறையும். கூடவே 40 ஏழைப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம். கிரேவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நாள் முழுக்கத் தன் கையில் கிடைத்தது அங்கேதான்.

பத்து வருஷம் கழித்து அந்தத் தக்கை.

அதற்குப் பிந்தைய சில மாதங்களை அவரே எழுதிய கடிதத்தின் வழியாகப் பின்தொடர முடிகிறது. பின்தொடர்ந்தால் சிரிப்பும் வரும். முதலில் நான்கு அங்குல மரக்குச்சியைத் தக்கையில் செருகி, மறுமுனையில் ஒரு தந்தப் பந்தைக் குத்தினார். குழாயைத் தேய்த்தால் பந்து இறகை இழுத்தது, தக்கையை விடவும் பலமாகவே. குச்சியை எட்டு அங்குலமாக்கினார், அப்புறம் இருபத்துநான்கு. பிறகு கம்பி. கம்பி ஆடிக்கொண்டே இருந்ததால் பொட்டலம் கட்டும் கயிறு. கயிற்றில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டார். அது போரடித்ததோ என்னவோ, கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டித் தொங்கவிட ஆரம்பித்தார். தங்கக் காசு, வெள்ளிக் காசு, செப்புக் காசு, ஈயத்துண்டு. அடுப்புக் கிளறும் கோல், இடுக்கி, கரண்டி. செம்புத் தேநீர்க் கெண்டி, வெறும் கெண்டி, தண்ணீர் நிரப்பிய கெண்டி, சுடுதண்ணீர் நிரப்பிய கெண்டி. செங்கல், ஓடு, சுண்ணாம்புக்கட்டி, பச்சைக் காய்கறி, காய்ந்த காய்கறி.

எல்லாம் இழுத்தன. கில்பர்ட் பட்டியலில் இழுக்கவே இழுக்காது என்று இருந்த உலோகங்கள் உட்பட. அந்த அறைக்கு அந்த வாரம் யாராவது வந்திருந்தால் கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்: ஒரு கையில் கண்ணாடிக் குழாய், மறுமுனையில் கயிற்றில் கெண்டி, கீழே சிதறிக் கிடக்கும் பித்தளைத் துணுக்குகள்.

அறை போதவில்லை. மே மாதம் கென்ட் பகுதியில் நார்ட்டன் கோர்ட் என்ற மாளிகையில் இருந்த ஜான் காட்ஃப்ரே என்ற நண்பரிடம் போனார். மாடியில் நின்றுகொண்டு 26 அடிக் கயிற்றைக் கீழே விட்டார். முற்றத்தில் தொங்கிய பந்து துணுக்குகளை இழுத்தது. கோலும் கயிறுமாகச் சேர்த்து 52 அடி வரை போயிற்று. அதற்கு மேல் உயரம் இல்லை. படுக்கைவாட்டில் கொண்டுபோகலாமே என்று உத்தரத்தில் ஆணியடித்து, அதிலிருந்து கயிற்று வளையங்களைத் தொங்கவிட்டு, வளையத்துக்குள் நூலைச் செலுத்தினார். குழாயைத் தேய்த்தால் பந்து செத்தது போலத் தொங்கியது.

அவர் கண்டுகொண்ட காரணம் சரியானதுதான்: நூல் வழியாக வந்த குணம் வளையம் வழியே உத்தரத்துக்கு ஏறிவிட்டது. கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. அடைக்க வழி தெரியவில்லை. எனவே படுக்கைவாட்டு யோசனையையே கைவிட்டு, லண்டனுக்குத் திரும்பியதும் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடத்திலிருந்து நேர்கீழாகக் கயிறு விடலாம் என்று திட்டம் போட்டார். அந்தத் திட்டம் நிறைவேறாமல் போனது நம் அதிர்ஷ்டம். நேர்கீழே எத்தனை அடி விட்டிருந்தாலும் அடுத்து வந்த விஷயம் தெரிந்திருக்காது.

ஜூன் 30ஆம் தேதி, அதே கென்ட்டில், ஆட்டர்டன் பிளேஸ் என்ற இன்னொரு மாளிகை. கிரான்வில் வீலர் என்ற 28 வயது இளைஞரின் வீடு. கிரே சும்மா வேடிக்கை காட்டத்தான் ஒரு சிறு குழாயோடு போனார். ஜன்னலிலிருந்து, கோபுரத்திலிருந்து எனக் கயிறு விட்டுக் காட்டினார். இனி உயரமில்லை என்றானதும் படுக்கைவாட்டில் போனால் என்ன என்று வீலர் கேட்டார். கிரே தன் நார்ட்டன் கோர்ட் அனுபவத்தைச் சொன்னார். அப்படியானால் கயிற்றைத் தாங்குவதற்குப் பட்டு நூல் கட்டலாமே என்றார் வீலர். கிரேவும் ஒப்புக்கொண்டார். அவர் நினைத்த காரணம் வேறு: பட்டு மெல்லியது, மெல்லிய நூல் வழியாகக் குறைவாகத்தானே கசியும்? குழாய் சிறுத்தால் ஒழுகும் தண்ணீரும் குறையும் என்ற கணக்கு.

ஜூலை 2, காலை பத்து மணி. பாய் விரித்த நீண்ட கூடத்தில் குறுக்கே பட்டு நூல் கட்டி, அதன்மேல் கயிற்றைப் போட்டு, எண்பதரை அடி தூரத்தில் தந்தப் பந்து. ஒருவர் இந்தக் கோடியில் தேய்க்க, ஒருவர் அந்தக் கோடியில் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க, துணுக்கு எழும்பியது. கயிற்றை மடக்கித் திருப்பி 147 அடி ஆக்கினார்கள். அதுவும் வேலை செய்தது. கூடம் போதாமல் தானியக் களஞ்சியத்துக்குப் போனார்கள். அடுத்த நாள் 293 அடி. இன்னும் நீட்டலாம் என்று கயிறு சேர்த்தபோது பாரம் தாங்காமல், தேய்க்கும் குலுக்கலில், பட்டு அறுந்தது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அறுந்தால் என்ன செய்வோம்? அதைவிட உறுதியான ஒன்றைக் கட்டுவோம். கிரே பையில் இரும்புக் கம்பியும் பித்தளைக் கம்பியும் கொண்டுவந்திருந்தார். இரும்புக் கம்பி ரொம்ப மெலிசு, அதுவும் தாங்கவில்லை. கொஞ்சம் தடித்த பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள், நின்றது. குழாயைத் தேய்த்தார்கள். துணுக்கு அசையவில்லை. பலமாகத் தேய்த்தார்கள். பெரிய குழாயை எடுத்துத் தேய்த்தார்கள். ஊஹூம்.

மெல்லிய நூல் என்பதால்தான் பட்டு வேலை செய்தது என்றால், மெலிசான கம்பியும் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஆக, விஷயம் மெலிசில் இல்லை. பட்டு, பட்டாக இருப்பதில் இருக்கிறது. உலகத்தில் உள்ள பொருள்களை மின்சாரம் போக விடுபவை, விடாதவை என்று இரண்டாகப் பிரிக்கும் கோடு அந்தக் களஞ்சியத்தில் விழுந்தது. கடத்தி என்ற பொருளில் ஆங்கிலச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது பின்னால் டெசாகுலியேதான். பிரித்துக் காட்டியது அறுந்துபோன ஒரு நூல்.

இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நூல் அறுந்தது தற்செயல்தான். ஆனால் பித்தளை தோற்றதும் "இன்றைக்கு வானிலை சரியில்லை" என்று கலைந்து போகாமல், நேற்று என்ன கட்டினோம், இன்று என்ன கட்டியிருக்கிறோம் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் தற்செயல் எதுவும் இல்லை. பட்டுக்கு ஒரு குணம், சணலுக்கு ஒரு குணம் என்று வாழ்நாள் முழுக்கத் தொட்டியில் முக்கி முக்கிப் பார்த்தவர் அவர். பருத்தியும் பட்டும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி ஏற்காது என்பது சாயக்காரருக்குப் பாலபாடம். நூலில் மெலிசு, தடிமன் என்பதைத் தாண்டியும் ஒரு ஜாதி உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது என் ஊகம்தான். ஆனால் பெரியப்பாவின் விரல்களைப் பார்த்தவனுக்கு இந்த ஊகத்தை விட மனசு வராது.

மறுபடி பட்டுக்கு மாறினார்கள். களஞ்சியத்தை விட்டு வெளியே வந்து, வயல்வெளியில் கம்பங்கள் நட்டு, 650 அடி, கடைசியில் 765 அடி. இன்றைய கணக்கில் 233 மீட்டர். ஒரு கோடியில் கையால் தேய்த்த குழாய், கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் எழும்பும் ஒரு பித்தளைத் துணுக்கு. ரோட்டோரம் கம்பத்தில் பீங்கான் கிண்ணங்கள் கவிழ்த்து, அதன்மேல் கம்பி இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த வயலை நினைத்துக்கொள்வேன். பட்டு இருந்த இடத்தில் பீங்கான். மற்றபடி அதே ஏற்பாடு.

போன தை மாதம் இதை வீட்டில் செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன். கண்ணாடிக் குழாய்க்குப் பதில், வயரிங் வேலையில் மிஞ்சிய மூன்றடிப் பிவிசி பைப். தேய்க்கக் கம்பளி மஃப்ளர். பொட்டலக் கயிறு வாங்கப் போனால் கடையில் பிளாஸ்டிக் கயிறுதான் இருக்கிறது. அதில் ஒன்றும் போகாது. கடைசியில் பூக்கட்டும் நூல்கண்டு ஒன்று வாங்கி, லேசாக ஈரக்கையால் உருவிவிட்டேன். அந்தக் காலத்துச் சணலில் போனதும் உண்மையில் அதற்குள் இருந்த ஈரம் வழியாகத்தான். பட்டு நூலுக்கு அம்மாவின் பழைய புடவையின் குஞ்சத்தில் கைவைத்தேன்.

"ஏஞ்சாமி, இந்தப் புடவைதான் கெடைச்சுதா உனக்கு?"

"நாலு இழைதாம்மா."

"நாலு இழையில ஆரம்பிச்சுத்தான் எல்லாம் பிரியும்" என்று முணுமுணுத்தபடியே, அறாமல் எப்படி உருவுவது என்று அவரே உருவிக் கொடுத்தார்.

முதலில் நூலை ஜன்னல் கம்பியில் அப்படியே சாத்தி ஹாலிலிருந்து சமையலறை வரை இழுத்தேன். முனையில் அலுமினியத் தாளை உருட்டிக் கட்டிய பந்து. கீழே தட்டில் தாளைப் பொடிப் பொடியாகக் கிள்ளிப் போட்டிருந்தேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தோள்பட்டை வலிக்கத் தேய்த்துத் தேய்த்து நூலின் இந்த முனையில் தொட்டேன். "ஒண்ணுமில்லப்பா." பிறகு ஜன்னல் கம்பிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் நடுவே பட்டிழையைக் கட்டி, பூநூலை அதன்மேல் மட்டும் படும்படி போட்டேன். தேய்த்தேன். தொட்டேன். சமையலறையிலிருந்து ஒரு கத்தல்.

நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் துணுக்குகள் விழுந்துவிட்டன. அதுதான் இந்தச் சோதனையின் கொடுமை: தேய்ப்பவனால் பார்க்க முடியாது. வீலரும் கிரேயும் முறை மாற்றிக்கொண்டது போல நாங்களும் மாற்றிக்கொண்டோம். அவள் தேய்க்க, நான் தட்டின்மேல் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு துணுக்கு நிமிர்ந்து நின்றது. கொஞ்ச நேரம் விளிம்பிலேயே நின்று தயங்கிவிட்டு, விருட்டென்று பந்தில் போய் ஒட்டியது. ஒட்டிய வேகத்திலேயே உதறித் தள்ளப்பட்டதுபோலத் தெறித்துக் கீழே விழுந்தது. பட்டிழைக்குப் பதில் பழைய ஹெட்போன் வயரை உரித்துச் செம்புக் கம்பி கட்டினோம். அத்தனையும் அடங்கிவிட்டது. பள்ளியில் வாங்கிய பத்து மார்க்கில் ஒன்றிரண்டு அன்றைக்குத்தான் நியாயமாகச் சேர்ந்தது.

கிரேயின் சோதனைகளில் ஊர் உலகத்துக்குப் பிடித்தது இது எதுவும் இல்லை. தொங்கும் பையன்தான் பிடித்தது. 1730 ஏப்ரல் 8ஆம் தேதி, எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவனை, துணியோடு சேர்த்து 47 பவுண்டு 10 அவுன்ஸ், உத்தரத்திலிருந்து தொங்கிய மயிர்க்கயிறுகளில் குப்புறப் படுக்க வைத்தார். குழாயைத் தேய்த்து அவன் பாதத்துக்கு அருகே நீட்டினால், முகத்துக்கு நேர் கீழே வைத்திருந்த பித்தளைத் துணுக்குகள் எழும்பி முகத்தை நோக்கிப் பறந்தன. மனித உடம்பும் கெண்டி, கரண்டி வரிசையில் சேர்ந்துவிட்டது. எடையை அவுன்ஸ் வரை குறித்த கிரே, அந்தப் பையனின் பெயரை எழுதவில்லை. கோழிச்சேவல் ஒன்றையும் தொங்கவிட்டார், சோப்புக் குமிழியையும் தேய்த்த குழாயால் மின்னேற்றினார். இந்தப் பையன் காட்சி ஐரோப்பாவின் வரவேற்பறைகளுக்குப் போய், சீமான்களின் மாலைநேரக் கேளிக்கையாக ஆனது. அந்தப் பகுதியை நான் தாண்டிவிடுகிறேன். அதில் கிரே இல்லை.

பாரிஸில் து ஃபே என்பவர் இவர் எழுதியதைப் படித்துவிட்டுத் தானே கயிற்றில் தொங்கிப் பார்த்தார். தன்னைத் தொட வந்தவர் விரலுக்கும் தன் உடம்புக்கும் நடுவே பொறி பறந்ததைக் கண்டார். மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று 1733இல் சொன்னவர் அவர்தான். அந்தச் செய்தி கேட்டு கிரேயும் பொறிகளின் பக்கம் திரும்பினார். அளவில் சின்னதானாலும் இந்த நெருப்பு இடி மின்னலின் ஜாதியைச் சேர்ந்தது போலத் தெரிகிறது என்று 1735இல் எழுதினார். மின்னலைச் சோதிக்க ஃபிராங்க்ளின் விட்ட பட்டம் பறக்க இன்னும் 17 வருஷம் இருந்தது.

மரியாதையும் வந்தது, கடைசி ஐந்து வருஷத்தில். 1731இல் ராயல் சொசைட்டி முதல்முறையாகக் கொடுத்த காப்ளி பரிசு கிரேவுக்கு. அடுத்த வருஷமும் அவருக்கே. பின்னாளில் ஃபாரடே, ஐன்ஸ்டைன் என்று நீளும் வரிசை அது. 1984இல் நம் வானியற்பியலாளர் சந்திரசேகரும் அதில் சேர்ந்தார். அந்த வரிசையின் தலையில் நிற்பவர் கையில் ஒரு பதக்கம்கூட இருந்ததில்லை. அப்போது அது பணமாகத்தான் இருந்தது. பதக்கமாக மாற்றுவது என்று முடிவெடுத்தது 1736 கடைசியில். கிரே அந்த வருஷம் பிப்ரவரியிலேயே போய்விட்டார். டெசாகுலியேவுக்கு மின்சாரத்தில் ஆசை இருந்தும் கிரே இருந்தவரை அதில் கைவைக்கவில்லை. அந்த வயலில் தான் இறங்கினால் கிழவர் மனசு விட்டுப்போய்விடும் என்று பயந்து ஒதுங்கியிருந்தாராம். ஒரு காலத்தில் தன் வீட்டில் எடுபிடியாக இருந்தவருக்கு, அவரைவிட எவ்வளவோ பெயர் பெற்ற ஒருவர் காட்டிய இந்தப் பொறுமை எனக்கு அந்தப் பரிசுகளைவிடப் பெரிதாகப் படுகிறது. முணுக்கென்றால் கோபித்துக்கொள்ளும் கிழவர் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

கடைசி நாள்களில் அவர் பிடித்துக்கொண்டது கிரகங்களை. இளமையில் ராத்திரி ராத்திரியாக வானத்தைப் பார்த்தவருக்கு அது திரும்பி வந்ததில் ஆச்சரியம் இல்லை. குங்கிலியப் பிசினை உருக்கி வார்த்த ஏழெட்டு அங்குல வட்டத் தட்டு. தேய்த்து அதை மின்னேற்றி, நடுவில் ஒரு சின்ன இரும்புக் குண்டை வைப்பார். மேலே, கையில் பிடித்த மெல்லிய நூலில் ஒரு தக்கைத் துணுக்கு. கொஞ்ச நேரத்தில் துணுக்கு குண்டைச் சுற்ற ஆரம்பிக்கும். எப்போதும் மேற்கிலிருந்து கிழக்காக, சூரியனைச் சுற்றும் கோள்கள் போலவே. குண்டை நடுவிலிருந்து நகர்த்தி வைத்தால் வட்டம் நீள்வட்டமாகும். நூலை வேறு எதில் கட்டித் தொங்கவிட்டாலும் நடக்காது, மனிதக் கைதான் வேண்டும் என்றார். இன்னும் கொஞ்ச காலம் ஆயுசு இருந்தால் கோள்கள் ஏன் சுற்றுகின்றன என்பதையே மின்சாரத்தால் சொல்லிவிடலாம் என்று நம்பினார்.

1736 பிப்ரவரி 14. படுக்கையில் கிரே சொல்லச் சொல்ல, சொசைட்டியின் செயலாளரான மருத்துவர் கிராம்வெல் மார்ட்டிமர் எழுதிக்கொண்டார். மறுநாள் கிரே இறந்தார். எழுதியது அப்படியே அச்சாயிற்று.

அவர் விட்டுப்போனதைச் சோதித்துப் பார்க்கும் வேலை வீலரிடம் வந்தது. பட்டு நூல் யோசனையைச் சொன்ன அதே வீலர். திரும்பத் திரும்பச் செய்தார். துணுக்கு அவர் கையிலும் சுற்றியது. திசை மாறினால் என்ன, இடம் மாறினால் என்ன என்று மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் அவர் வந்து நின்ற இடம் இது: மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்ற வேண்டும் என்ற ஆசைதான் காரணம். கிரேயின் கையும் தன் கையும் அந்த ஆசையை நூலுக்குக் கடத்தியிருக்கின்றன. கை அசைந்தது தனக்குத் துளியும் தெரியவில்லை என்றும் அவர் எழுதினார்.

மகளிடம் இதைச் சொல்லவில்லை. மிஞ்சிய பூநூலில் ஒரு தக்கைத் துண்டைக் கட்டி, மேஜையில் ஒரு கோலிக்குண்டை வைத்து, அதற்கு நேர் மேலே அசையாமல் பிடிக்கச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்ப்பா சுத்தும்?"

காட்டினேன். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி இருந்தாள். தக்கை முதலில் நடுங்கியது, பிறகு முன்னும் பின்னுமாக ஆடியது, அரை நிமிஷத்தில் நான் காட்டிய பக்கமாகவே அழகாக வட்டமிடத் தொடங்கியது. அவள் கண்கள் விரிந்தன.

"அப்பா, நான் ஆட்டவே இல்லப்பா."